பேராச்சிக்குத் தோதான லேப்டாப்

பேராச்சிக்கு ஒரு காரியம் பிடிக்கவில்லை என்றால் முகத்தில் தெரியாது, கழுத்தில் தெரியும். தோள் இரண்டும் இறங்கி, கழுத்து ஒரு விரற்கடை நீண்டு நிமிர்ந்துவிடும். அவள் புருஷன் மகாதேவன் அதைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்வான். "கோபுரம் எந்திரிச்சிட்டு. இனி யாரு சொன்னாலும் இறங்காது" என்பான்.

வடகரையில் நெல்லும் தென்னையும் பார்த்த குடும்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தமிழ் டைப்பிங் படித்தாள். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபிறகு வக்கீல் ஆபீஸ்களுக்கு அடித்துக்கொடுத்தாள். மகாதேவன் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் லாரிக்குச் சரக்கு ஏற்றிவிடும் பொறுப்பில் இருந்தான். அவன் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் எலுமிச்சை வாசம் போகாது. அந்த வாசம் ஒருநாள் போயிற்று. அவன் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மார்க்கெட் வேலையை விட்டாயிற்று.

அதற்கு முன்பே பேராச்சி வீட்டிலிருந்தபடி வேறொரு வேலைக்கு மாறியிருந்தாள். எங்கோ ஒரு பெருநகரத்தில் இருக்கும் கம்பெனி ஆடியோவை அனுப்பும். பேட்டிகள், கூட்டங்கள், விசாரணைகள், யார் யாரோ பேசியவை. ஹெட்போனில் கேட்டு அதை அப்படியே எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். காலுக்கடியில் தையல் மெஷின் மிதி போல ஒரு சின்னப் பெடல். மிதித்தால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும். லேப்டாப்பும் கம்பெனியே அனுப்பியிருந்தது. டயாலிசிஸ் நாட்களில் ஆஸ்பத்திரி வார்டில் மகாதேவன் கட்டிலில் படுத்து ஒரு கையில் ஊசிகளோடு கிடக்க, பேராச்சி பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்து அடித்துக்கொண்டிருப்பாள். நர்சுகளுக்குப் பழகிவிட்டது. டயாலிசிஸ் மெஷினின் ஓட்டமும் அவள் விரல் ஓட்டமும் ஒன்றாகக் கேட்கும்.

பக்கத்துக் கட்டில் ஆசியா என்ற அம்மாளுக்கு. அவரும் வடகரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஊர்க்காரி என்று தெரிந்ததும் பேராச்சியை மகளே என்றுதான் கூப்பிடுவார். வார்டுக்குள் ஆண் ஊழியர் யாராவது நுழைந்தால் அரைத் தூக்கத்திலும் அவர் கை தலைத்துணியைத் தேடும். ஊசி இல்லாத கை அது. மெஷின் ஓட ஓட அசந்து தூங்கிவிடுவார், அப்போதுதான் துணி நழுவும். பேராச்சி எழுந்துபோய் இழுத்துவிட்டு வந்து உட்காருவாள்.

ஒருநாள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் டீம் லீடர். 'பணியிட ஒழுங்கு மீறல்' என்று தலைப்பு. கீழே ஒரு படம். பேராச்சியின் முகம் பாதி, அவள் தோளுக்குப் பின்னால் ஆசியா. வாய் திறந்து, தலைத்துணி தோளில் கிடக்க, கையிலிருந்து ரத்தம் ஓடும் குழாய்கள் மெஷினுக்குப் போக, நன்றாகத் தெரிந்தது. பின்னணி நாகரிகமாக இல்லை, இனி வீட்டில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்யவும் என்று எழுதியிருந்தார்.

பேராச்சி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை யார் எடுத்தது? அப்போதுதான் திரைக்கு மேலே கேமராவின் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று ஒளிர்ந்து அணைந்தது. போன வாரம் லேப்டாப் தானாகவே ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. வெளியே வராந்தாவுக்குப் போய் டீம் லீடருக்குப் போன் போட்டாள்.

"சார், இந்தப் படம் எப்படி வந்துது?"

"அது மானிட்டரிங் சாஃப்ட்வேர் மேடம். சில நிமிஷத்துக்கு ஒரு போட்டோ எடுக்கும். எல்லா ஸ்டாஃபுக்கும் போட்டிருக்கோம். நீங்க உக்காந்து வேலை பாக்குறீங்களான்னு தெரியணும்ல?"

"நான் பாத்த வேலைதான் ஒங்க கையில இருக்கே. அதுல தெரியாததா படத்துல தெரியப் போகுது?"

"பாலிசி மேடம்."

"பின்னால படுத்திருக்கவங்க என்ன சார் பண்ணுனாங்க? அவங்க ஒங்க ஸ்டாஃபா?"

 அதனால்தான் வீட்டில் உட்காரச் சொல்கிறோம் என்றார்.

பேராச்சி வார்டுக்குத் திரும்பி லேப்டாப்பை மூடினாள். அந்த வாரம் முழுக்க எத்தனை படம் போயிருக்கும் என்று நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது. ஆசியாவிடம் சொல்லாமலே விட்டுவிடலாம், அவருக்குத் தெரியப் போவதில்லை. மகாதேவனிடம் கேட்டாள். அவன் கண்ணை மூடியபடியே, "நீ சொல்லத்தான் போற. என்கிட்ட ஏன் கேக்க?" என்றான்.

ஆசியா விழித்ததும் சொன்னாள். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு தலைத்துணியைக் காதுக்குப் பின்னால் இழுத்துச் செருகிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பேராச்சிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"என் மவன் சவுதியில இருக்கான். அவனுக்குக்கூட நான் இப்படிப் படுத்திருக்க போட்டோவ அனுப்பவிட்டதில்ல மகளே. யாரோ ஒருத்தன் வச்சுப் பாத்துக்கிட்டிருக்கானா?"

"இல்லம்மா. அழிக்க வைக்கேன்."

"அழிப்பானுவளா?"

"அழிக்க வைக்கேன்னு சொல்லுதேம்லா."

கழுத்து நிமிர்ந்துவிட்டது. மகாதேவன் அதைப் பார்த்தான்.

அன்று மாலையே பேராச்சி கம்பெனிக்கு எழுதினாள். வேலையை விடுகிறேன், வார்டில் எடுத்த படங்கள் அத்தனையையும் அழித்துவிட்டதாகக் கம்பெனி எழுத்தில் தர வேண்டும், அது வந்த பிறகுதான் லேப்டாப் திரும்பி வரும் என்று. மறுநாள் டீம் லீடர் போனில் குரலை உயர்த்தினார். கம்பெனிச் சொத்து, வக்கீல் நோட்டீஸ் என்றார். "அனுப்புங்க சார். நான் வக்கீல் ஆபீஸ்லதான் டைப் அடிச்சேன். அதுக்கு என்ன பதில் எழுதணும்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி அரிசிப் பானைக்கு மேல் பரணில் ஏற்றினாள்.

வேலை போய்விட்டது, ஆனால் வேலை செய்யத் தெரிந்த கை போகவில்லை. சொந்தமாக ஒரு மெஷின் வேண்டும். அதில் அவளுக்குத் தெரியாமல் எதுவும் ஏறக் கூடாது, அவளைக் கேட்காமல் எதுவும் ஓடக் கூடாது. அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே அவளுக்குச் சந்தேகம்.

இருக்கிறது என்றாள் மாரிச்செல்வி. பேராச்சியோடு ஒரே பெஞ்சில் படித்தவள், செங்கோட்டையிலிருந்து தினமும் மலையேறி ஆரியங்காவுப் பக்கம் கேரளப் பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியையாகப் போய்வருகிறாள்.

"எங்க ஸ்கூல் லேப்ல விண்டோஸே கெடையாது, அதுக்குப் பதிலா பூரா லினக்ஸ்தாம்ட்டி. அஞ்சாங்கிளாஸ் பிள்ளையெல்லாம் அதுலதான் படம் வரையுது. அதோட உள்பாகம் எல்லாம் திறந்து கெடக்கும், விவரம் தெரிஞ்சவங்க யாரு வேணும்னாலும் பாக்கலாம். ஒளிச்சு வைக்க முடியாது."

"எனக்கு விவரம் தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது. பாக்கத் தெரிஞ்சவங்க ஆயிரம் பேரு பாக்காங்க, அது போதும்லா. ஆனா ஒண்ணு. எல்லா லேப்டாப்புலயும் இது சரியா ஓடாது. சிலதுல வைஃபை எடுக்காது, சிலதுல சத்தம் வராது, சிலது மூடுனா திரும்ப முழிக்காது. வாங்குன பொறவு அழக் கூடாது. கடையிலயே போட்டுப் பாத்து வாங்கு."

பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தாள். லேப்டாப்பில் இருப்பதைத் தொடாமலே அந்தப் பென் டிரைவிலிருந்து அதை ஓட்டிப் பார்க்கலாம். மாரிச்செல்வியின் பழைய மெஷினில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தாள் பேராச்சி. தமிழ் விசைப்பலகை அவள் விரலுக்குப் பழகியபடியே இருந்தது. ஆடியோவைப் பெடலால் ஓட்டும் இலவச மென்பொருள்கூடக் கிடைத்தது.

விஷயம் கொழுந்தன் கணேசமூர்த்திக்குப் போயிற்று. மதுரையில் நல்ல வேலையில் இருப்பவன், அண்ணன் மேல் உயிர். அடுத்த சனிக்கிழமையே பெரிய பெட்டியோடு வந்து இறங்கினான். பதினைந்து இன்ச் திரை, பளபளவென்று புது லேப்டாப்.

"மைனி, எல்லாம் ரெடியா போட்டுக் கொண்டாந்திருக்கேன். என் அக்கவுண்ட்லயே வச்சிருக்கேன், பாஸ்வேர்டும் நானே போட்டுட்டேன். ஏதாவது ஒண்ணுன்னா மதுரையில இருந்தே பாத்துக்கிடுவேன். நீங்க ஒண்ணத்துக்கும் கவலப்பட வேண்டாம்."

பேராச்சி அதை மடியில் வைத்துப் பார்த்தாள். முழங்காலுக்கு இரண்டு பக்கமும் வெளியே நீண்டது. வார்டு நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே இது நுழையவே நுழையாது.

"வேண்டாம் தம்பி."

"என்ன மைனி, புதுசு!"

"அதுக்குச் சொல்லல. நீங்க மதுரையில இருந்து பாத்துக்கிடுவேன்னு சொல்லுதீயளே, அதத்தான் வேண்டாம்ங்கேன்."

"நான் என்ன அந்நியனா?"

"இல்ல. நீங்க நல்லவரு. நல்லவரு பாத்தாலும் பாக்கதுதான தம்பி?"

கணேசமூர்த்தியின் முகம் வாடிவிட்டது. லினக்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு, வீட்டுப் பொம்பளைகளுக்கு எதற்கு அந்த வம்பு, அண்ணனைப் பார்ப்பீர்களா அதைப் பார்ப்பீர்களா என்று என்னவெல்லாமோ சொன்னான். மகாதேவன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏலே, டைப் அடிக்கப்போறது அவ கை. நீ ஏம்லே வேர்க்க?" என்றான். பெட்டி மதுரைக்கே திரும்பிப் போயிற்று. அதன்பிறகு இரண்டு மாதம் கணேசமூர்த்தி அண்ணனோடு மட்டும்தான் போனில் பேசினான்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் பேராச்சி மஞ்சள் பையில் பென் டிரைவையும் ஹெட்போனையும் பெடலையும் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தென்காசியில் பெரிய கடை ஒன்று. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. விற்பனை செய்யும் இளைஞன் ஒருவன் சிரித்தபடி வந்தான்.

"யாருக்கு மேடம்? காலேஜ் போற பையனுக்கா?"

"எனக்கு."

"நெட் பாக்கவா, சீரியல் பாக்கவா?"

"வேலை பாக்க. சின்னதா, எடை கம்மியா, வைஃபை நல்லா எடுக்குததா இருக்கணும். லினக்ஸ் ஓடணும். ஓட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

அவள் பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்ததும் அவன் அதை வெடிகுண்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். மேலாளர் வந்தார். அதெல்லாம் போட்டால் வாரண்டி போய்விடும், வைரஸ் வந்துவிடும், டிஸ்பிளே பீஸைத் தொடக் கூடாது என்றார்.

"சேலை எடுக்கப் போனா விரிச்சுக் காட்டுதாங்க. செருப்பு வாங்கப் போனா போட்டு நடக்க விடுதாங்க. இதுக்கு மட்டும் பெட்டிய பாத்து வாங்கணுமா?"

"கம்பெனி ரூல் மேடம்."

கம்பெனி ரூல் என்ற சொல்லை அந்த மாதத்தில் அவள் நிறையக் கேட்டாயிற்று. பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அடுத்த கடை சிறியது, கடைக்காரரும் தன்மையானவர். போட்டுப் பாருங்கக்கா என்று சொல்லி, எதையோ அழுத்தி உள் அமைப்பை மாற்றிக்கூடக் கொடுத்தார். புத்தம் புதிய மெஷின், பதினொரு இன்ச், தாம்பாளம்போல மெலிசு. பேராச்சிக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. லினக்ஸ் திரையும் அழகாக வந்தது. வைஃபை பட்டியலில் ஒன்றுமே இல்லை. கடைக்காரரின் வைஃபைப் பெட்டி தலைக்கு மேல் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது, மெஷினுக்கு அது தெரியவில்லை. ஹெட்போனைச் செருகினாள், சத்தம் இல்லை. மூடித் திறந்தாள், கறுப்புத் திரை கறுப்பாகவே கிடந்தது.

"ரொம்பப் புதுசுல்லாக்கா. போகப் போக சரியாயிரும். எடுத்துட்டுப் போங்க, யாராவது சரி பண்ணிக் கொடுப்பாங்க."

"யாராவதுன்னா யாரு அண்ணாச்சி?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். மெலிசான அந்த மெஷினை அவள் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள்.  பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி குடித்தாள். கணேசமூர்த்தியிடம் அந்தப் பெட்டியை வாங்கி வைத்திருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் ஓடிய நினைப்பைக் காபித் தம்ளரோடு கீழே வைத்தாள்.

மாரிச்செல்வியிடம் போனில் சொன்னபோது, புதிது வேண்டாம், ஆபீஸ்களில் ஓடிய பழைய மெஷின்கள் கிடைக்கும், நாள்பட்ட மெஷினில்தான் இதெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் என்றாள். குற்றாலத்தில் இசக்கிப்பாண்டி என்று ஒருவர் பெங்களூரிலிருந்து அப்படி மொத்தமாக எடுத்து வந்து லாட்ஜ்களுக்கு விற்கிறார் என்பதும் தெரிந்தது.

ஆனி கடைசி. சீசன் ஏறிவிட்டது. மலை தெரியவில்லை, மேகம் இறங்கி மரக்கிளை வரை வந்திருந்தது. மகாதேவனும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தான். கடைத்தெருவில் ஒரு பக்கம் நேந்திரம் சிப்ஸ் எண்ணெயில் பொரிகிறது, மறுபக்கம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்திருக்கிறார்கள். அவனுக்கு இரண்டுமே கூடாது. "வாசம் பிடிச்சா பொட்டாசியம் ஏறுமா?" என்று கேட்டு, சிப்ஸ் கடை வாசலில் நின்று ஆழமாக மூச்சை இழுத்தான்.

இசக்கிப்பாண்டியின் கடை மாடியில் இருந்தது. சாரல் ஈரத்துக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் தார்ப்பாயால் அடைத்து, உள்ளே மஞ்சள் பல்பு எரியவிட்டிருந்தார். சுவரோரம் லேப்டாப்புகள் புத்தகம்போல நிற்கவைக்கப்பட்டிருந்தன. வாயில் வெற்றிலை, ஆளைப் பார்க்காத பேச்சு.

"லினக்ஸா? ஓடும்னும் சொல்ல மாட்டேன், ஓடாதுன்னும் சொல்ல மாட்டேன். இந்த ஊருல யாரும் கேட்டதில்ல. அந்தா கெடக்கு, போட்டுப் பாத்துக்கிடுங்க. கெட்டா நீங்கதான் பொறுப்பு."

"கெடாது. கெட்டா நாந்தான் பொறுப்பு."

பன்னிரண்டு இன்ச்சில் மூன்று இருந்தன. மூன்றும் ஒரே வகை, ஏதோ ஆபீஸிலிருந்து கழித்தவை, மூடியில் பழைய கம்பெனியின் ஸ்டிக்கரைக் கிழித்த தடம். பேராச்சி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். முதலாவது ஓடியது, ஆனால் கொஞ்ச நேரத்தில் அடிப்பாகம் தோசைக்கல்லாகச் சுட்டது. இரண்டாவதில் 'ள' வரும் விசை உள்ளே அமுங்கி எழும்பவில்லை. "ள இல்லாம எப்படி அண்ணாச்சி தமிழ் அடிக்கது?" என்றாள். "அதான, ஆள் எல்லாம் ஆல் ஆயிரும்" என்று மகாதேவன் மூலையிலிருந்து சொன்னான். இசக்கிப்பாண்டி முதல்தடவையாகச் சிரித்தார்.

மூன்றாவது மூடியைத் திறந்ததும் அவள் கண் அதன் கேமராவில் போயிற்று. அதன்மேல் சின்னதாக ஒரு தள்ளு மூடி. விரலால் தள்ளினால் கேமராக் கண் மறைந்துவிடும். தள்ளித் தள்ளிப் பார்த்தாள். விசைகள் ஆழமாக இறங்கி ஏறின. ஹெட்போனில் சத்தம் தெளிவு. பெடலைச் செருகியதும் பேச்சு நின்றது, ஓடியது, பின்னால் போயிற்று. வைஃபை எடுத்தது, ஆனால் எழுந்து ஜன்னல் பக்கம் நகர்ந்தால் அறுந்துபோயிற்று. வார்டில் அவள் நாற்காலியோ வைஃபைப் பெட்டிக்கு எதிர்க்கோடியில் இருக்கிறது.

"வைஃபை நொண்டுது அண்ணாச்சி."

"பழைய சாமான் அப்படித்தான் இருக்கும்."

"சூடாவுதுல்லா, அந்த மொத மெஷின், அதுல நல்லா எடுத்துதே. அதுல உள்ள கார்டை இதுல மாத்திக் கொடுங்க."

"இந்தா பாருங்கம்மா, சீசன் நேரம், லாட்ஜுல பில்லிங் மெஷின் நின்னுபோச்சுன்னு மூணு பேரு போன் போட்டுட்டான்..."

"போய்ட்டு வாங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

அவர் போய்விட்டு வந்தபோது அவள் அதே இடத்தில்தான் இருந்தாள். வேறு வழியில்லாமல் அடிமூடியைக் கழற்றினார். நகத்தளவு கார்டை மாற்றிப் போட்டார். இப்போது மாடிப்படி இறங்கித் தெருவில் நின்றாலும் வைஃபை விடவில்லை. மெஷினை மூடினாள், திறந்தாள். உடனே விழித்தது. திரும்ப மூடி, திரும்பத் திறந்தாள்.

"இன்னும் என்னம்மா?"

"பேட்டரி. அவரு படுத்து எந்திரிக்க வரைக்கும் நிக்கணும். அங்கன பிளக் எல்லாம் மெஷினுக்குத்தான், மனுசருக்குக் கெடையாது."

"நிக்கும்."

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

வயரைப் பிடுங்கிவிட்டு, பையிலிருந்து பழைய ஆடியோ ஒன்றை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். வெளியே சாரல் வலுத்து மழையாகித் தார்ப்பாயில் தடதடத்தது. கடைக்கு வந்தவர்கள் தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தாண்டிப் போனார்கள். மகாதேவன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். மதியத்துக்குக் கொஞ்சம் பின்னால், பாதிச் சொல்லில், திரை அணைந்தது. பேராச்சி லேப்டாப்பைத் தூக்கி அவர் மேஜையில் வைத்தாள். "நிக்கலியே அண்ணாச்சி."

இசக்கிப்பாண்டி அவளையே பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, பிரிக்காத ஒரு பேட்டரியை எடுத்தார். "இது எனக்குன்னு வச்சிருந்தது. எடுத்துக்கிட்டு தயவுபண்ணி எந்திரிங்கம்மா. ஒங்களப் பாத்துட்டு எல்லாவனும் இங்கயே குடியிருந்து பாத்து வாங்குவேன்னு சொல்லப்போறான்."

மெஷினையும் பேட்டரியையும் வாங்கிக்கொண்டு இறங்கியபோது மழை வெறித்திருந்தது. மெயின் அருவியில் கூட்டம் நெரிந்தது. ஊசி போடும் கையைப் பத்திரமாக மார்போடு வைத்துக்கொண்டு மகாதேவன் பாலத்துப் பக்கம் நின்று, பறந்துவரும் துளியில் முகத்தைக் காட்டினான். பேராச்சி லேப்டாப் பையைச் சேலைத் தலைப்புக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு கடை ஓரமாகவே நின்றாள்.

வீட்டுக்கு வந்து லினக்ஸை முழுதாக ஏற்றினாள். அது சுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. முதல்நாள் எதையோ தப்பாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். பிரிண்டர் இன்றுவரை அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் வந்த தவறுச் செய்திகளை ஒவ்வொன்றாக இணையத்தில் தேடி, தமிழில் எழுதும் குழுக்களில் கேட்டு, முன்பின் தெரியாதவர்கள் சொன்ன பதிலை வைத்துச் சரிசெய்தாள். கடவுச்சொல் கேட்ட இடத்தில், யாரும் பக்கத்தில் இல்லாதபோதும், கையால் மறைத்துக்கொண்டு அடித்தாள்.

பரணில் கிடந்த கம்பெனி லேப்டாப்புக்கு வக்கீல் நோட்டீஸ் வரவில்லை. மூன்று தடவை பணிவாகவும் ஒரு தடவை கோபமாகவும் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வார்டில் எடுத்த படங்கள் எல்லாம் சர்வரிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டன என்று கம்பெனித் தாளில் இரண்டு வரி எழுதி அனுப்பினார்கள். பேராச்சி பரணிலிருந்த லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பிவிட்டு, அந்தத் தாளை ஆசியாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

"நெசமாவே அழிச்சிருப்பானுவளா மகளே?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா இனிமே எடுக்க முடியாது."

ஆசியா அவள் மடியிலிருந்த சின்ன லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். கேமராவின் தள்ளு மூடியைத் தானே விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வேலை உடனே வந்து குவியவில்லை. இரண்டு மாதம் இழுபறிதான். அந்தத் தமிழ்க் குழுக்களில் ஒன்றின் மூலமாகத்தான் முதல் வேலை வந்தது. சுரண்டைப் பக்கத்துக் குளங்களைப் பற்றி விவசாயிகள் பேசியதைப் பதிவு செய்திருந்த ஒரு ஆராய்ச்சிக் குழு, அந்தப் பேச்சை அப்படியே எழுதத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. கம்பெனியில் இருந்தவரை 'வருதான்' என்று காதில் விழுந்தால் 'வருகிறான்' என்றுதான் அடிக்க வேண்டும். இவர்களோ ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள் என்றார்கள். அங்கன மடை, இங்கன மறுகால் என்று கிழவர்கள் பேசப் பேச, பேராச்சி சிரித்துக்கொண்டே அடித்தாள்.

புரட்டாசியில் பழைய டீம் லீடர் கூப்பிட்டார். குரலில் அந்தப் பழைய விறைப்பு இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆடியோ ஒரு கட்டு வந்திருக்கிறது, யாருக்கும் காதில் பிடிபடவில்லை, நீங்கள் திரும்ப வர வேண்டும் என்றார். உங்கள் சொந்த மெஷினிலேயே செய்யுங்கள், உங்களுக்கு மட்டும் கேமரா வேண்டாம் என்று தனியாகப் பேசி வாங்கியிருக்கிறேன் என்றும் சொன்னார்.

"எனக்கு மட்டும்னா? மாஜிதாவுக்கு?"

மாஜிதா கடையநல்லூர்க்காரி. அதே கம்பெனியில் அதே வேலை. கைக்குழந்தை வைத்திருந்தாள். குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்தால் நாற்காலி காலியாக இருப்பதாகப் படம் போகும், எழாமல் கொடுத்தாலோ அதுவும் படமாகப் போகும். அழுதுகொண்டே ஒருதடவை பேராச்சியிடம் போனில் சொல்லியிருக்கிறாள்.

"மத்தவங்க விஷயம் நமக்கு எதுக்கு மேடம்? உங்களுக்கு நல்லது பண்ணித் தர்றோம்ல?"

"எல்லாருக்கும் கேமராவ நிறுத்துங்க சார். பொறவு கூப்பிடுங்க."

"அது முடியாது."

"அப்ப எனக்கும் முடியாது."

போனை வைத்தாள். அந்த மாதம் அந்த வேலை நன்றாகவே உதவியிருக்கும். மகாதேவன் கட்டிலிலிருந்து அவள் கழுத்தைப் பார்த்தான்.  "தண்ணி குடி" என்றான்.

அன்று சாயங்காலம் பேராச்சி மாஜிதாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் குழந்தை சிணுங்குவது கேட்டது. 

"அக்கா, எனக்கு ஒங்கள மாதிரி தைரியம் எல்லாம் கெடையாது."

"தைரியத்த விடு. ஒனக்கு எத்தன இன்ச் வேணும்? பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு அடிக்கணும்லா?"

"சின்னதா இருந்தா நல்லதுதான்க்கா."

"ஞாயித்துக்கிழம குத்தாலத்துக்கு வா. பிள்ளையையும் தூக்கிட்டு வா. சாப்பாடு கட்டிக்கிட்டு வந்துரு, அங்கன சாயங்காலம் வரைக்கும் இருக்க வேண்டியிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாடியேறிப் போனபோது இசக்கிப்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். பேராச்சியைப் பார்த்தார், பின்னால் குழந்தையோடு நிற்கும் மாஜிதாவைப் பார்த்தார், மாஜிதா கையிலிருந்த சோற்று வாளியையும் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு, எழுந்துபோய்ப் பாயை எடுத்து வந்து தரையில் விரித்தார்.